ஒன்பதாம் வளைவில் நின்றுபோன டர்பைன்

முந்தல் சோதனைச்சாவடியைத் தாண்டினால் போடிமெட்டு வரை 17 கொண்டை ஊசி வளைவுகள். அந்த ஓட்டுநர் தம்பிக்கு அவற்றில் ஒன்பதாவதை நினைத்தாலே உள்ளங்கை வியர்க்கும். அதுவரை ஒழுங்காக ஏறிவந்த பிக்கப், அங்கே வந்ததும் கருவிப் பலகையில் ஒரு விளக்கைச் சிமிட்டிவிட்டு நான்காம் கியரைப் பிடித்துக்கொண்டு முனகத் தொடங்கிவிடும். ஆக்சிலரேட்டரை எவ்வளவு மிதித்தாலும் எஞ்சின்தான் கத்தும். வண்டி மாட்டு வண்டி வேகத்தில் நகரும். ஓரங்கட்டி, சாவியை அணைத்துத் திரும்பப் போட்டால் எல்லாம் சரியாகிவிடும், அடுத்த இரண்டு வளைவுகளுக்கு.

வண்டி, பூப்பாறைப் பக்கம் ஏலத்தோட்டம் வைத்திருக்கும் போடிக்காரர் ஒருவருடையது. இரட்டை கேபின், நான்கு சக்கர இயக்கம், டீசல், ஆறு கியர் ஆட்டோமேட்டிக். 2020-இல் வாங்கியது, 1,18,000 கிலோமீட்டர் ஓடியிருந்தது. எந்தக் கம்பெனி என்று எழுதப்போவதில்லை. இதில் வண்டி செய்த குற்றம் எதுவும் இல்லை. பெயரைப் போட்டால் படிப்பவர்கள் அதைத்தான் நினைவில் வைத்துக்கொள்வார்கள்.

இதில் முதலில் இருந்த கியர் பெட்டி செத்த கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பல ஆட்டோமேட்டிக் வண்டிகளில் கியர் எண்ணெயைக் குளிர்விக்கும் குழாய் ரேடியேட்டரின் தொட்டிக்குள்ளேயே இருக்கும். சுற்றிலும் கூலன்ட் (எஞ்சினைக் குளிர்விக்கும் திரவம்), நடுவில் எண்ணெய். அந்தக் குழாயில் ஊசிமுனை அளவு ஓட்டை விழுந்தாலும் இரண்டும் கலந்துவிடும். சிவப்பு எண்ணெய் ரோஸ்மில்க் நிறத்துக்கு மாறும். கூலன்டில் உள்ள கிளைகால் என்ற வேதிப்பொருள், கிளட்ச் தட்டுகளில் உராய்வுத் தாளை ஒட்டியிருக்கும் பசையை இளக்கிவிடும். தாள் உரிந்து எண்ணெயில் மிதக்கும். அதற்குப் பிறகு அந்தப் பெட்டியைப் பிரித்துச் செப்பனிடுவதைவிட வேறு பெட்டி போடுவது மலிவு. உரிமையாளரும் அதையே செய்தார். முன்பக்கம் நொறுங்கிய அதே மாடல் வண்டி ஒன்றிலிருந்து கழற்றிய பெட்டியை வாங்கி, மலைமேல் ஒரு பட்டறையில் மாட்டினார். ரேடியேட்டரையும் புதிதாகப் போட்டிருந்தார். இந்த ஒரு முடிவுதான் பின்னால் எல்லாரையும் காப்பாற்றியது.

மாட்டி மூன்று வாரம் கழித்து வண்டி என் பட்டறைக்கு வந்தது. கூடவே ஒரு தீர்ப்பும் வந்தது. "தம்பி, பழைய பெட்டியைத் தலையில் கட்டிவிட்டார்கள். உள்ளே கிளட்ச் போய்விட்டது என்று நீங்கள் ஒரு சீட்டு எழுதிக் கொடுங்கள், திருப்பி அனுப்பிவிடுகிறேன்" என்றார் உரிமையாளர். சீட்டு எழுதுவது இரண்டு நிமிட வேலை. எழுதாமல் போனதற்கு என் நேர்மையைவிட என் சந்தேகம்தான் காரணம். உள்ளே கிளட்ச் போன பெட்டி, சாவியை அணைத்துப் போட்டால் குணமாகாது.

புகார்கள் நான்கு. காலையில் குளிர்ந்த நிலையில் ரிவர்ஸ் போட்டால் மூன்று நான்கு நொடி கழித்துத்தான் பிடிக்கும். டி-யில், அதாவது முன்னோக்கி ஓட்டும் நிலையில், அந்தத் தாமதம் இல்லை. ஒன்றிலிருந்து இரண்டுக்கு மாறும்போது பின்னாலிருந்து யாரோ முட்டியதுபோல ஒரு குத்து. சூடான பிறகு இரண்டிலிருந்து மூன்றுக்கு மாறும்போது நேர்மாறாக, பிடி விட்டு எஞ்சின் ஒருமுறை கத்தி, அதன்பின் கியர் விழும். நான்காவது, அந்த ஒன்பதாம் வளைவு. இவை தவிர, சில நாள் பி-யில் (பார்க்கிங்) ஸ்டார்ட் ஆகாமல் என்-னுக்கு (நியூட்ரல்) தள்ளினால் ஸ்டார்ட் ஆகும் என்று ஓட்டுநர் போகிற போக்கில் சொன்னார். அதை உரிமையாளர் புகாராகவே எண்ணவில்லை.

வண்டிக் கணினியின் பதிவைப் படிக்கும் ஸ்கேனரில் மூன்று கோளாறுக் குறியீடுகள் இருந்தன. பி0717, அதாவது டர்பைன் வேக சென்சாரிடமிருந்து தகவல் இல்லை. எஞ்சின் தள்ளும் எண்ணெயால் சுற்றி, பெட்டிக்குள் விசையைக் கொண்டுவரும் சக்கரம்தான் டர்பைன். பி0730, கியர் விகிதம் தவறு. பி0218, கியர் எண்ணெய் அளவுக்கு மீறிய சூடு. இதற்கு முன் பார்த்த இரண்டு பேரும் நடுவில் உள்ளதைப் பிடித்துக்கொண்டுதான் உள்ளே வழுக்குகிறது என்று சொல்லியிருக்கிறார்கள். அந்தக் குறியீட்டைக் கொஞ்சம் புரிந்துகொள்ள வேண்டும். பெட்டிக்குள் யாரும் உட்கார்ந்து கிளட்ச் வழுக்குகிறதா என்று பார்ப்பதில்லை. கட்டுப்பாட்டுக் கணினி, டர்பைன் வேகத்தை, பெட்டியிலிருந்து சக்கரங்களை நோக்கி வெளியேறும் தண்டின் வேகத்தால் வகுக்கிறது. இந்தப் பெட்டியில் இரண்டாம் கியருக்கு 2.04 வர வேண்டும், மூன்றுக்கு 1.40. வராவிட்டால் பி0730. சென்சார்களில் ஒன்று பொய் சொன்னாலும் அதே தீர்ப்புத்தான் வரும். பக்கத்திலேயே பி0717 என்ற சாட்சி நின்றுகொண்டிருக்கும்போது பெட்டியைத் தூக்கிலிடுவது எந்த ஊர் நியாயம்?

இவ்வளவு பேசும் நான் அடுத்து செய்த காரியத்தையும் சொல்ல வேண்டும். இந்த வண்டியில் கட்டுப்பாட்டுக் கணினி பெட்டிக்குள் இல்லை. கேபின் பக்கம் தனியாக இருக்கிறது. ஆகவே பெட்டி மாறினாலும் கணினி பழையதுதான். அது ஒவ்வொரு கிளட்சும் நிரம்ப எவ்வளவு நேரம் ஆகிறது, எவ்வளவு அழுத்தம் கொடுத்தால் மென்மையாகப் பிடிக்கிறது என்று ஓட ஓடக் கற்றுக்கொண்டு நினைவில் வைத்திருக்கும். சாகக் கிடந்த பழைய பெட்டிக்காக அது கற்ற பாடம், கூடுதல் அழுத்தம். அதையே நல்ல பெட்டிக்கும் கொடுத்தால் ஒன்று-இரண்டில் குத்தாமல் என்ன செய்யும்? இந்தப் புதிரை அவிழ்த்த மகிழ்ச்சியில், முதல் நாளே ஸ்கேனர் வழியாகக் கற்ற பாடத்தை அழித்துவிட்டு வண்டியை அனுப்பினேன். இரண்டு நாளில் திரும்பி வந்தது. ஒன்று-இரண்டு குத்து குறைந்திருந்தது. இரண்டு-மூன்று வழுக்கல் முன்பைவிட மோசம். மூன்று-நான்கிலும் ஒரு தடுமாற்றம் புதிதாகச் சேர்ந்திருந்தது.

எண்ணெய் அளவைப் பார்க்காமல் கற்றலை அழித்தது என் தவறு. அரைப்பட்டினியில் இருக்கும் பெட்டியிடம் கணினி மறுபடி பாடம் படித்தது. அந்தப் பாடமும் கோணல்.

எண்ணெய்

இந்த வகைப் பெட்டியில் அளவுகோல் கம்பி கிடையாது. அடியில் ஒரு வழிந்தோடும் திருகு உண்டு. அளவு பார்க்கும் முறையும் கறாரானது. வண்டி சமதளத்தில் நிற்க வேண்டும். எஞ்சின் ஓட வேண்டும். கியர் கம்பியை எல்லா நிலைகளிலும் ஒருமுறை நகர்த்திவிட்டு பி-க்குக் கொண்டுவர வேண்டும். எண்ணெயின் சூடு 40 டிகிரியைத் தொடும்போது அந்தத் திருகைத் திறக்க வேண்டும். நூல்போல வழிந்தால் அளவு சரி.

மலைமேல் பெட்டியை மாட்டிய மேல்பட்டறைக்காரரிடம் தொலைபேசியில் பேசினேன். கோபப்படுவார் என்று நினைத்தேன், படவில்லை. ஓட்டிப் பார்த்துவிட்டு வந்ததும் எஞ்சினை அணைத்துத் திருகைத் திறந்ததாகவும், எண்ணெய் நன்றாக வழிந்ததாகவும் சொன்னார். இரண்டு தவறுகள் அதில் ஒளிந்திருக்கின்றன. எஞ்சின் நின்றால், எஞ்சின் விசையை எண்ணெய் வழியாகப் பெட்டிக்குக் கடத்தும் டார்க் கன்வெர்ட்டரிலும் மேலே உள்ள வழிகளிலும் இருக்கும் எண்ணெய் கீழ்த்தொட்டிக்கு இறங்கும்; தொட்டி நிறைந்திருப்பதாகக் கண்ணை ஏமாற்றும். இரண்டாவது, சூடு. 9 லிட்டர் எண்ணெய் 40 டிகிரியிலிருந்து 90 டிகிரிக்கு ஏறினால் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு லிட்டர் விரியும். அந்த விரிவும் வழிந்து வெளியே போய்விடும்.

இரவு முழுக்க வண்டியை நிறுத்தி, காலையில் முறைப்படி பார்த்தபோது 40 டிகிரியில் ஒரு சொட்டுக்கூட வரவில்லை. நூலாக வழியும்வரை ஊற்றியது 1.3 லிட்டர். அன்று மாலை குளிர்ந்த வண்டியில் ரிவர்ஸ் போட்டேன். ஒரு நொடிக்குள் பிடித்தது. ரிவர்ஸ் முதலில் காட்டிக்கொடுத்ததில் வியப்பில்லை. அந்த வழியை நிரப்ப நிறைய எண்ணெய் வேண்டும், அழுத்தமும் கூடுதலாக வேண்டும். கால் வலித்தால் முதலில் ஏறும் படியில்தானே தெரியும்?

ஊற்றும் முன் வெளியே எடுத்த சிறிதளவு எண்ணெயைத் தோசைக்கல்லில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்தேன். பழைய கல்தான், பட்டறையில் இதற்கென்றே கிடக்கிறது. தண்ணீர் கலந்திருந்தால் படபடவென்று வெடிக்கும். வெடிக்கவில்லை, அமைதியாகப் புகைந்தது. ரேடியேட்டர் மாற்றியது நல்லதாகப் போயிற்று. அதை மாற்றாமல் பெட்டியை மட்டும் மாற்றியிருந்தால், இந்தக் கட்டுரைக்கே தேவை இருந்திருக்காது. மூன்றாவது பெட்டி தேடிக்கொண்டிருப்போம்.

மலை

எண்ணெய் சரியானதும் இரண்டு-மூன்று வழுக்கல் பாதியாகக் குறைந்தது. ஒன்பதாம் வளைவு மட்டும் அப்படியே இருந்தது. அது சமதளத்தில் வராத நோய். எனவே 12 சிமென்ட் மூட்டைகளை, அதாவது 600 கிலோவை, பின்னால் ஏற்றிக்கொண்டு காலை ஆறு மணிக்குக் கிளம்பினோம். ஓட்டுநர் ஓட்டினார், நான் பக்கத்தில் ஸ்கேனரைப் பதிவில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். எஞ்சின் வேகம், டர்பைன் வேகம், வெளியேறும் தண்டின் வேகம், போட்ட கியர், எண்ணெய்ச் சூடு: இந்த ஐந்தை மட்டும் தேர்ந்தெடுத்தேன். ஸ்கேனரில் அறுபது எழுபது அளவுகள் கிடைக்கும். எல்லாவற்றையும் பதிவில் போட்டால் ஒவ்வொன்றும் அரிதாகத்தான் புதுப்பிக்கப்படும். தேடுகிற கணம் இரண்டு வரிகளுக்கிடையே நழுவிவிடும்.

அந்த நேரத்தில் அந்தச் சாலை ஜீப்புகளுடையது. தோட்டத்து வேலைக்குப் போகும் பெண்கள் நெருக்கியடித்து உட்கார்ந்திருக்க, ஜீப் ஒவ்வொன்றும் எங்களைத் தாண்டும்போது ஹாரன் அடித்துக் கேலி செய்துவிட்டுப் போனது. முதல் எட்டு வளைவுகள் ஒரு குறையும் இல்லை. சூடு மட்டும் 88, 94, 101 என்று ஏறிக்கொண்டிருந்தது. அதைத் தனியாகக் குறித்துக்கொண்டேன்.

ஒன்பதாம் வளைவுக்கு முன் அப்போது சாலை ஒட்டுப்போட்டுக் கிடந்தது. ஓட்டுநர் அங்கே பிரேக்கை மிதித்து வேகத்தைக் குறைத்து, பள்ளம் தாண்டியதும் பலமாக ஆக்சிலரேட்டரை மிதித்தார். வளைந்து நிமிர்ந்து வேகம் பிடிக்கும்போது விளக்கு சிமிட்டியது. பதிவை நிறுத்திப் பின்னால் தள்ளிப் பார்த்தேன்.

விளக்குச் சிமிட்டுவதற்குச் சற்று முன்: எஞ்சின் 2,100, டர்பைன் 1,840, வெளியேறும் தண்டு 900, இரண்டாம் கியர். 1,840-ஐ 900-ஆல் வகுத்தால் 2.04. அப்பழுக்கில்லை. அடுத்த வரி: எஞ்சின் 2,100, டர்பைன் 0, வெளியேறும் தண்டு 900. அதற்கடுத்த வரியிலும் 0. பிறகு மறுபடி 1,835.

எனக்கு இந்த வேலையில் பிடித்த கணம் இதுதான். வண்டி மணிக்கு 30 கிலோமீட்டரில் போய்க்கொண்டிருக்கிறது. இரண்டாம் கியரில் டர்பைன், பற்சக்கரங்கள் வழியாகச் சக்கரத்தோடு கட்டப்பட்டிருக்கிறது. அது எப்படி அரை நொடியில் 1,840-இலிருந்து பூச்சியத்துக்கு வந்து, மீண்டும் 1,835-க்குப் போகும்? சரி, கிளட்ச் முழுவதும் வழுக்கிவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் டர்பைன் நிற்காது. சுமை விட்டதால், எஞ்சின் தள்ளும் எண்ணெயின் வேகத்தில் 2,100-ஐ நோக்கி மேலேதான் ஏறும். கிளட்ச் வழுக்கினால் எண் கூடும். ஒயர் விட்டால் எண் பூச்சியமாகும். பெட்டிக்குள் எந்தக் கிளட்ச் கோளாறும் பற்சக்கரக் கோளாறும் இப்படியொரு வரியை எழுத முடியாது.

பெட்டி நிரபராதி என்று அந்த மலையிலேயே முடிவாகிவிட்டது. சொன்னபோது ஓட்டுநருக்கு நம்பிக்கை வரவில்லை. "அண்ணே, அப்படியென்றால் ஏன் இவ்வளவு சூடாகிறது?" என்று கேட்டார். நல்ல கேள்வி. பதிவை ஓடவிட்டு, விளக்கு எரிந்த நிலையிலேயே மேலே போகச் சொன்னேன்.

டர்பைன் சென்சாரை நம்ப முடியாது என்று கணினி முடிவு செய்துவிட்டால், ஆபத்தில்லாத ஒரே கியரில் வண்டியைக் கட்டிப்போடும். இந்த வண்டியில் அது நான்காவது, ஒன்றுக்கு ஒன்று விகிதம். சமதளத்தில் வீடு போய்ச் சேர அது போதும். 600 கிலோவோடு மலையேற அது எந்த மூலைக்கு? எஞ்சின் 2,300-இல் கத்துகிறது. வெளியேறும் தண்டு 400-இல் நகர்கிறது. அந்த வித்தியாசம் முழுவதும் டார்க் கன்வெர்ட்டருக்குள் எண்ணெயைக் கடைந்து வெப்பமாகிறது. 104-இல் இருந்த சூடு பன்னிரண்டாம் வளைவில் 121. பி0218 வந்துவிட்டது. அந்தச் சூட்டில் எண்ணெய் தண்ணீராக இளகும். ஏற்கெனவே 1.3 லிட்டர் குறைவாக இருந்த நாட்களில் இந்த இளகிய எண்ணெயால் அழுத்தத்தைத் தாங்க முடியாமல், சாவியை அணைத்துப் போட்டு மறுபடி ஓட்டும்போது இரண்டு-மூன்றில் நிஜமாகவே வழுக்கியிருக்கிறது. ஆக, மூன்று குறியீடுகளும் ஒரே சங்கிலியின் கண்ணிகள். முதல் கண்ணியை விட்டுவிட்டு எல்லாரும் நடுக்கண்ணியை இழுத்துக்கொண்டிருந்தோம்.

அகலமான இடமாகப் பார்த்து ஓரங்கட்டினோம். ஓட்டுநர் வழக்கம்போல எஞ்சினை அணைக்கப் போனார், தடுத்தேன். சூடான ஆட்டோமேட்டிக்கை அணைத்தால் எண்ணெய் ஓட்டம் நின்று, சூடு உள்ளேயே தங்கும். பி-யில் போட்டு எஞ்சினை மெல்ல ஓடவிட்டால் எண்ணெய் கூலருக்குப் போய்வரும். நல்ல வண்டியில் பத்துப் பதினைந்து நிமிடத்தில் சூடு நன்றாக இறங்க வேண்டும். இதில் இருபது நிமிடத்தில் 109 வரைதான் இறங்கியது. அது அடுத்த கேள்வி.

இறக்கத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். ஏற்றத்தில் நான்காம் கியர் என்றால் வண்டி தவிக்கும், அவ்வளவுதான். இறக்கத்தில் அதே நான்காம் கியரில் கட்டிப்போட்டால் எஞ்சின் பிடிமானம் கிட்டத்தட்ட இருக்காது. 17 வளைவுக்கும் பிரேக் மட்டும்தான். மூன்று வாரத்தில் இரண்டு முறை அப்படி மூட்டைகளோடு இறங்கியிருக்கிறார் அந்தத் தம்பி. பிரேக் கருகிய வாடை வந்தது என்று சிரித்துக்கொண்டே சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. விளக்கு எரிந்தால் மலை இறங்காதே, மேலேயே நிறுத்திவிட்டு எனக்குப் போன் செய் என்று சொல்லி வைத்தேன்.

பள்ளத்துக்குள்

பட்டறைக்கு வந்து, வண்டியைப் பள்ளத்தின் மேல் நிறுத்தி, பி-யில் எஞ்சினை ஓடவிட்டேன். பி-யில் டர்பைன் கிட்டத்தட்ட எஞ்சின் வேகத்திலேயே சுற்றும். ஸ்கேனரில் 750 என்று நின்றது. பையன் எண்ணைப் பார்த்துக்கொண்டிருக்க, நான் கீழே ஒயரிங்கை அங்குலம் அங்குலமாக அசைத்தேன். ஒன்றும் ஆகவில்லை. அரை மணி நேரம் அசைத்தும் 750 அசையவில்லை. இந்த இடத்தில்தான் பலர் சென்சாரை மாற்றிப் பார்ப்பார்கள். இந்தப் பெட்டியில் அந்தச் சென்சாரை எட்ட அடித்தொட்டியைக் கழற்ற வேண்டும், எண்ணெய் முழுக்க வீணாகும். கைவைக்க மனம் வரவில்லை.

மலையில் நடப்பது இங்கே ஏன் நடக்கவில்லை? பலமாக மிதிக்கும்போது எஞ்சினும் பெட்டியும் தம் ரப்பர் தாங்கிகளின் மேல் ஒருபக்கமாக முறுக்கிக்கொள்ளும். நிற்கும் வண்டியில் அந்த முறுக்கு இல்லை. கடப்பாரையைப் பெட்டிக்கும் குறுக்குச் சட்டத்துக்கும் நடுவே கொடுத்து நெம்பினேன். மேலிருந்து பையன் கத்தினான்: "அண்ணே, பூச்சியம்!"

நெம்பியதில் இரண்டு விஷயங்கள் தெரிந்தன. பெட்டியின் பின்பக்க ரப்பர் தாங்கி கிழிந்திருந்தது. கொடை கொடுத்த வண்டியின் விபத்தில் கிழிந்திருக்கலாம், பெட்டியோடு அப்படியே வந்து உட்கார்ந்துவிட்டது. அதனால் பெட்டி இயல்பைவிட அதிகமாக ஆடியது. பெட்டிக்குப் போகும் ஒயர்க்கட்டு, இருக்க வேண்டிய கிளிப்பில் இல்லாமல் ஒரு பிளாஸ்டிக் பட்டையால் சட்டத்தோடு இறுக்கிக் கட்டப்பட்டிருந்தது. பெட்டி ஆடும்போதெல்லாம் கட்டு விறைத்துக் கனெக்டரை இழுத்தது. கனெக்டரைக் கழற்றி வெளிச்சத்தில் பார்த்தால், மற்ற பின்கள் எல்லாம் ஒரே வரிசையில் நிற்க, ஒரு பின் மட்டும் பின்னுக்குப் போயிருந்தது. மாட்டும்போது கோணலாக அழுத்தியதில் அதன் பூட்டு விலகியிருக்கிறது. தொட்டும் தொடாமலும் ஒரு தொடுப்பு. அந்த ஒற்றைப் பின் டர்பைன் சென்சாருடையது.

பின்னைப் பூட்டி உட்காரவைத்து, ஒயர்க்கட்டுக்கு நான்கு விரல் தளர்வு கொடுத்து, பழைய கிளிப்பிலேயே மாட்டி, புது ரப்பர் தாங்கி போட்டோம். இப்போது எவ்வளவு நெம்பினாலும் 750. இந்த வேலைக்கு ஆன செலவு, தாங்கியின் விலை மட்டும்.

கியர் கம்பியின் கேபிளையும் அப்போதே பார்த்தேன். பெட்டி மாற்றிய பிறகு அதைச் சரிசெய்யவில்லை. கம்பி பி-யில் நின்றாலும், பெட்டிமேல் உள்ள நிலை சுவிட்ச் பி-க்கு அரை மில்லிமீட்டர் முன்னாலேயே நின்றது. பி-யில் ஸ்டார்ட் ஆகாமல் சதி செய்தது அதுதான். சுவிட்ச்சை நியூட்ரல் கோட்டுக்கு நேராக்கிக் கேபிளை இறுக்கினேன், பத்து நிமிடம்.

மேல்பட்டறைக்காரரைப் பற்றி ஒரு வார்த்தை. கடினமான வேலையை அவர் நன்றாகவே செய்திருக்கிறார். பெட்டியை எஞ்சினோடு சேர்த்த பிறகு, போல்ட் போடுமுன் கன்வெர்ட்டர் கையால் தாராளமாகச் சுற்றியது என்றும், எஞ்சின் பக்கத்துத் தட்டான ஃப்ளெக்ஸ் பிளேட்டைத் தொட 3 மில்லிமீட்டர் முன்னுக்கு இழுக்க வேண்டியிருந்தது என்றும் சொன்னார். கன்வெர்ட்டர் சரியாக உட்கார்ந்ததற்கு அதுதான் அடையாளம். அது உட்காராமல் போல்ட்டால் இழுத்துச் சேர்த்திருந்தால் எண்ணெய்ப் பம்ப் முதல் ஸ்டார்ட்டிலேயே நொறுங்கியிருக்கும். நூறு கிலோவுக்குக் கிட்டத்தட்ட எடையுள்ள பொருளைத் தலைக்குமேல் தூக்கி இவ்வளவு பக்குவமாகச் சேர்த்தவர், ஒரு பிளாஸ்டிக் கிளிப்பில் சறுக்கினார். எனக்கும் இப்படி ஆனதுண்டு. அதனால் இதற்குமேல் சொல்ல மாட்டேன்.

கூலர்

இருபது நிமிடத்தில் ஏன் சூடு இறங்கவில்லை என்ற கேள்வி மிச்சமிருந்தது. கூலரிலிருந்து பெட்டிக்குத் திரும்பும் குழாயைக் கழற்றி ஒரு வாளிக்குள் விட்டு, எஞ்சினை 20 நொடி மெல்ல ஓடவிட்டேன். எங்கள் தொழிலில் புழங்கும் கணக்கு, 20 நொடிக்கு ஏறத்தாழ ஒரு லிட்டர். வந்தது 350 மில்லிலிட்டர்.

ரேடியேட்டர் புதிது. ஆனால் இந்த வண்டியில் ரேடியேட்டருக்கு முன்னால் தனியாக இன்னொரு சிறிய கூலரும் உண்டு. எண்ணெய் முதலில் ரேடியேட்டர் தொட்டி வழியாகவும் பிறகு அதன் வழியாகவும் போய்வரும். அது பழையதாகவே விடப்பட்டிருந்தது. பெட்ரோல் ஊற்றிக் கழுவியதாகச் சொன்னார்கள். பழைய பெட்டியில் உரிந்த கிளட்ச் தாள் அரைத்த மாவாகி அந்தக் கூலரின் மெல்லிய தட்டுகளுக்கிடையே படிந்துவிட்டது. கழுவும்போது ஒரு வழி திறந்தாலே திரவம் அதன் வழியாக ஓடி வெளியே தெளிவாக வந்துவிடும். அடைந்த மற்ற வழிகள் அடைந்தபடியே இருக்கும். தெளிவாக வந்ததைப் பார்த்துச் சுத்தமாகிவிட்டது என்று நம்பிவிடுவோம். பழைய குழல் கூலராக இருந்தால் கழுவலாம். தட்டுக் கூலரைக் கழுவாதீர்கள், மாற்றிவிடுங்கள். பழையதை விட்டுவைப்பது, செத்த பெட்டியின் சாம்பலைப் புதுப் பெட்டிக்கு ஊட்டுவதுதான்.

மாற்றிய பிறகு 20 நொடிக்கு 950 மில்லிலிட்டர். எண்ணெயை மீண்டும் 40 டிகிரியில் வைத்து அளவு பார்த்தேன். புதுக் கூலர் குடித்ததற்கு இன்னும் கொஞ்சம் ஊற்ற வேண்டியிருந்தது.

இதன் பிறகுதான் கணினியின் கற்றலை இரண்டாம் முறை அழித்தேன். இம்முறை வரிசை சரி. சுமை இல்லாமல், எண்ணெய் நன்றாகச் சூடேறிய பிறகு, போடி–தேனி சாலையில் விடியற்காலையில் இரண்டு முறை போய்வந்தோம். ஆக்சிலரேட்டரில் முட்டை வைத்ததுபோல மெல்ல மிதித்து, ஒன்றிலிருந்து ஆறு வரை ஏறவிட்டு, பிரேக் போடாமல் தானாகவே வேகம் இறங்கவிட்டு நிறுத்துவது. இதையே பதினைந்து இருபது முறை. ஓட்டுநருக்கு அலுத்துப் போயிற்று. மூன்றாவது முறைக்குப் பிறகு குத்து மறைந்தது. பத்தாவது முறைக்கு மேல் கியர் மாறுவதை ஊசியைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. பதிவிலும் அதே கதை. 1,100-இல் வெளியேறும் தண்டு சுற்றும்போது இரண்டிலிருந்து மூன்றுக்கு மாறினால் டர்பைன் 2,240-இலிருந்து 1,540-க்கு நேராக இறங்க வேண்டும். முன்பு 2,600 வரை ஏறிப் பிறகு இறங்கியது. இப்போது படிக்கட்டில் ஒரு படி இறங்குவதுபோல இறங்கியது.

அதே 12 மூட்டைகளோடு மறுபடி மலை. ஒன்பதாம் வளைவில் வேண்டுமென்றே நிறுத்தி, நின்ற இடத்திலிருந்து முழுக்க மிதித்து எடுக்கச் சொன்னேன். டர்பைன் ஒரு வரியில்கூட விடவில்லை. போடிமெட்டில் எண்ணெய்ச் சூடு 96. மேலே போய் டீ குடித்துவிட்டு, இறங்கும்போது கையால் இரண்டாம் கியரில் வைத்து இறங்கினோம். எஞ்சின் பிடித்துக்கொண்டே வந்தது, பிரேக்கை வளைவுகளில் மட்டும் தொட்டார்.

உரிமையாளர் பணம் கொடுக்கும்போது, "அப்படியானால் பெட்டி நல்ல பெட்டிதானா?" என்று மூன்றாவது முறையாகக் கேட்டார். நல்ல பெட்டிதான் ஐயா என்றேன். இருந்தாலும் அந்த மூன்று வாரம் 120 டிகிரிக்கு மேல் வெந்த எண்ணெயை நம்புவதற்கில்லை. 80 டிகிரிக்கு மேல் ஏறும் ஒவ்வொரு 10 டிகிரிக்கும் எண்ணெயின் ஆயுள் ஏறத்தாழ பாதியாகும் என்பது எங்கள் கணக்கு. எனவே 3,000 கிலோமீட்டர் ஓட்டியதும் எண்ணெயை மாற்ற வரச் சொன்னேன். ஏல அறுவடை நடந்துகொண்டிருந்ததால் 4,200 ஓடிய பிறகுதான் வந்தார்கள். அடித்தொட்டியைக் கழற்றி, அதில் இரும்புத் துகளைப் பிடிக்கும் காந்தத்தைப் பார்த்தேன். சாம்பல் நிறத்தில் மெல்லிய பசை, விரலில் தேய்த்தால் நெருடவில்லை. பித்தளைத் துகள் இல்லை, தாள் இல்லை. காந்தத்தைத் துடைத்து மாட்டிவிட்டு, 40 டிகிரிக்காகக் காத்திருந்தேன்.